பெரிய எழுத்துச் சீட்டு

அத்தியாயம் 14

"கண்ணு போன மனுசனுக்கு மருந்து வாங்கியாருவாங்க, கண்ணாடி வாங்கியாருவாங்க. சீட்டுக்கட்டு வாங்கியாந்த பொண்ணு இந்த மலை மேலயே நீ ஒருத்திதாண்டி."

ஈஸ்வரி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். ஈர விறகு. புகை கண்ணைக் கரித்ததில் கோபம் இன்னும் ஒரு பங்கு கூடியது.

"வேலூர் டாக்டர் சொன்னதை வந்து உன்கிட்ட சொன்னேனா இல்லியா?" என்றாள் தமிழரசி.

"சொன்னே. கண்ணு நரம்பு போச்சு, கண்ணாடி போட்டாலும் ஆவாதுன்னு சொன்னே. அதுக்குச் சீட்டு ஆடச் சொன்னாரா அந்த டாக்டரு?"

"ஆமா. அந்த ஆஸ்பத்திரியிலதான் இதைப் பாத்தேன். பார்வை கம்மியானவங்களுக்குன்னு தனி ரூம்பே வெச்சுக்கிறாங்க."

தமிழரசி திருப்பத்தூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை கடைசி ஜீப்பில் புதூர்நாட்டில் வந்து இறங்கியபோது, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்தாளே ஒரு பார்சல், அதை இன்றைக்கு விடிந்த பிறகுதான் பிரித்தாள். உள்ளே ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கறுப்பு விரிப்பு, வில் மாதிரி வளைந்த ஒரு மரக்கட்டை. அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை என்று ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவள் கோபம் முழுக்கச் சீட்டின் மேல் இல்லை. மகள் இந்தப் பார்சலை எதற்கு இன்றைக்குப் பார்த்துப் பிரித்தாள் என்பது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு மரம் பிரிக்கிற நாள்.

அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்பது புளியமரம். தாத்தா காலத்தில் யார் எதைப் பறிப்பது என்று சண்டை வந்து, ஒருத்தர் அரிவாளை எடுத்து, இன்னொருத்தர் இரண்டு விரலை இழந்தார். அதற்கப்புறம் அரிவாள் இருந்த இடத்தில் சீட்டை வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு ஆட்டம். ஜெயித்தவன் முதல் மரத்தைக் கை காட்டுவான், தோற்றவன் இரண்டாவது, அப்படியே மாற்றி மாற்றி. அந்தந்த வீட்டுத் தலைக்கட்டுதான் உட்கார வேண்டும். அவன் கையைத் தவிர வேறு கை அவன் சீட்டைத் தொடக் கூடாது. உட்கார முடியாதவனுக்கு மரமும் இல்லை. மரம் மொத்தமும் மற்றவன் பொறுப்பில் போய்விடும், அவன் மனசுக்குத் தோன்றியதைக் கொண்டுவந்து கொடுப்பான். கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கொழுந்தன் கருப்பன் வந்து வாசலில் நின்றான். "அண்ணி, இந்த வருசம் அண்ணன் ஒக்கார வாணாம். போன வருசம் ஊரே சிரிச்சது போதும். நானே எல்லா மரத்தையும் பாத்துக்கறேன். சரியா?"

உள்ளே கட்டிலில் அவள் புருசன் சந்திரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் காதில் விழக் கூடாதே என்று ஈஸ்வரி வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கருப்பன் போய்விட்டான்.

ஏன் ஆட்டினாள்? அலுத்துவிட்டது. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த மனுசன் சாவியை மாட்டிவிட்டுப் படுத்தால், சாமைக் கொல்லை, புளி, ஆடு எல்லாம் ஒருத்தி தலையில். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இவள் எதிரே போய் நின்றால் கழுத்தைத் திருப்பிக்கொள்வான். சோறு போட்டால் திருப்பிக்கொள்வான். காய்ச்சலில் இவள் படுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே கஞ்சி கொடுத்தான். பிடிக்காமல் போய்விட்டது என்றால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாம் இல்லையா?

"நீ எங்க வேணா விரிச்சு ஆடிக்கோ. எனக்கு ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும்" என்று எழுந்து வெளியே போனாள்.

முருங்கை மரத்தடியில் நின்று தழை கட்டும்போது, உள்ளே இருந்து குரல் வந்தது.

"இது இன்னாப்பா?"

"ஏழு."

"எந்த ஏழு?"

ஈஸ்வரி கயிற்றை இறுக்கினாள்.

"பச்சையா கீதே... கிளாவரா?"

"கிளாவர்தான். இது?"

"ராஜா. கறுப்பு. ஸ்பேடு ராஜா. இது ராணி, ஆட்டின். ஏ பொண்ணு, இது இன்னா நீலம்?"

"டைமண்டுப்பா. இதுல ரெண்டு செவப்பு கெடையாது, ரெண்டு கறுப்பு கெடையாது. நாலும் நாலு கலரு."

ஈஸ்வரியின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. மாசக்கணக்கில் இந்த வீட்டில் அந்தக் குரல் 'தண்ணி' என்றும் 'ம்' என்றும்தான் கேட்டிருக்கிறது. இப்போது கேட்பது வேறு குரல். ஜீப் மேல் ஏறி நின்று, "நெல்லிவாசல் போறவங்க ஏறு, ஏறு" என்று கத்திய குரல். எட்டிப் பார்த்தால் நின்றுபோய்விடுமோ என்று பயந்து, அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஆடு தழையை இழுத்துத் தின்ன ஆரம்பித்ததுகூடத் தெரியவில்லை.

தமிழரசி வெளியே வந்து ஒரு சீட்டை அவள் கையில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று, நடுவில் ஒரே ஒரு எண். விரல் நீளத்துக்கு, விரல் தடிமனுக்கு. பக்கத்தில் ஒரு பெரிய நீலக் கட்டம். மற்ற சீட்டில் இருக்கிற பூவும் பொம்மையும் ஒன்றும் இல்லை.

"போன வருசம் அப்பா குடிச்சிட்டு ஆடலம்மா" என்றாள் மகள், தணிந்த குரலில். "ஆட்டின் ஏழுக்கும் ஒம்போதுக்கும் நடுவுல டைமண்டு எட்டைச் சொருகிட்டு எறக்குனாரே, ரெண்டும் செவப்பு, அவருக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்குது."

ஈஸ்வரிக்கு அன்றைய சிரிப்பு ஞாபகம் வந்தது. ஊர் சிரித்தது. அவளும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். குருடன் என்று சொல்வதற்குப் பதில் குடிகாரன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கிறான்.

சந்திரன் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"கெளம்பு. மரத்தடிக்குப் போவலாம்" என்றான், அவளைப் பார்க்காமல், தொழுவத்துப் பக்கம் பார்த்து.

அங்கே கருப்பன் இருப்பான். அவள் தலையாட்டியது அங்கே வந்து நிற்கும்.

* * *

பெரிய மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தது. புளி உலுக்க வந்தவர்கள், பொறுக்க வந்த பொம்பளைகள், ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம். டீக்கடை மாணிக்கம்மாள்தான் எப்போதும் சீட்டுப் போடுவது. இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாதவள், இரண்டு வீட்டையும் சமமாகத் திட்டுகிறவள்.

கருப்பன் அண்ணனைப் பார்த்தான். பிறகு ஈஸ்வரியைப் பார்த்தான்.

"இன்னா அண்ணி இது? சொன்னது ஒண்ணு, நடக்கறது ஒண்ணா கீது?"

"இன்னாடா சொன்னாங்க?" என்றாள் மாணிக்கம்மாள்.

"அண்ணன் ஒக்காராது, நீயே பாத்துக்கோன்னு அண்ணிதான் தலையாட்டுனாங்க. நான் இன்னா பொய்யா சொல்றேன்? கேளு."

கூட்டம் ஈஸ்வரியின் பக்கம் திரும்பியது. தமிழரசி, "அம்மா?" என்றாள். சந்திரன் மட்டும் திரும்பவில்லை. மரத்தின் அடியைக் காலால் தடவி, இடம் பார்த்து உட்கார்ந்தான்.

"ஒக்காந்தாச்சு" என்றான். "போடு மாணிக்கம்மா."

அவ்வளவுதான் சொன்னான்.

சகோதரர்கள் எதிரும் புதிருமாக உட்காரக் கூடாது என்பது அங்கே வழக்கம். விரல் போன நாளிலிருந்து அப்படி. இரண்டு பேரும் மரத்துக்கு முதுகைக் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். கருப்பன் அண்ணனுக்கு வலது கைப் பக்கம் உட்கார்ந்தான். தமிழரசி கறுப்பு விரிப்பைப் போட்டு, வளைந்த கட்டையைக் கருப்பனுக்கு மறைவாக இடப்பக்கம் சாய்த்து அப்பன் முன்னால் வைத்தாள். கட்டையின் நடுவில் ஒரு பள்ளம். அதில் சீட்டைச் சொருகினால் விசிறி மாதிரி விரிந்து நிற்கும், கையில் பிடிக்க வேண்டாம்.

"இது இன்னா கட்டை?" என்றான் கருப்பன். "வேற எதுவும் சீட்டைத் தொடக் கூடாதுன்னு இருக்குது."

"வேற கைதான் தொடக் கூடாது. கட்டைக்குக் கையா இருக்குது?" என்றாள் மாணிக்கம்மாள். "அது இன்னா வாயைத் தொறந்து எந்தச் சீட்டைப் போடுன்னு சொல்லப் போவுதா? வேணும்னா நீயும் ஒரு கட்டையைத் தூக்கி வெச்சிக்கோ, வெறகு நெறைய கீது."

கூட்டம் சிரித்தது. கருப்பன் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது சீட்டா, கல்யாணப் பத்திரிகையா?" என்றான். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

பதிமூன்று பதிமூன்று போட்டாள். ரம்மி. சந்திரன் ஒவ்வொரு சீட்டாகக் கட்டையில் சொருகினான். மெதுவாக, விரல் நுனியால் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து. கறுப்பு விரிப்பின் மேல் அந்த வெள்ளைச் சீட்டுகள் பளிச்சென்று நின்றன. ஈஸ்வரி நின்ற இடத்திலிருந்தே எண் தெரிந்தது, உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆட்டத்துக்கு நடுவில் சீட்டு பார்த்தாள் என்று பேர் வரக் கூடாது.

கருப்பன் ஒன்று எடுத்தான், ஒன்று போட்டான். சந்திரன் எடுத்தான். எடுத்ததை நேரே பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான். பிறகு கழுத்தை வலது பக்கம், தம்பி பக்கமாகத் திருப்பி, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். திரும்பி ஒரு சீட்டைப் போட்டான்.

இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும்.

கருப்பன் சீட்டைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கினான்.

"கை பாக்கறான்!"

"டேய்" என்றாள் மாணிக்கம்மாள்.

"இன்னா டேய்? ஒவ்வொரு வாட்டியும் என் கையைத்தானே பாக்கறான்? கண்ணு தெர்ல கண்ணு தெர்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு, என் சீட்டு மட்டும் தெரியுதா? கையைக் கவுக்கச் சொல்லு. அதானே நாயம்?"

அதுதான் நியாயம். அடுத்தவன் கையைப் பார்த்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அந்த வருஷம் மரம் இல்லை. சந்திரனின் காது மடல் சிவந்தது. அவன் கை சீட்டைக் கவிழ்க்கிற மாதிரி கட்டைக்குப் போயிற்று.

"அப்பா, சொல்லுப்பா" என்றாள் தமிழரசி. "நீயே சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

தோற்பது அவனுக்குப் பழக்கம், விளக்கம் சொல்வது பழக்கமில்லை.

மாணிக்கம்மாள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். டீ ஆற்றுகிறவள், ஆள் பார்க்கிறவள். கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நேராப் பாரு சந்திரா. இன்னா இது?"

நேரே பார்த்தான். "தெர்ல."

"தெர்லியா?"

"நடுவுல ஒரு பொகை நிக்குது. நேராப் பாத்தா அந்தப் பொகைதான் தெரியும்."

"சரி. உன் இஷ்டத்துக்குப் பாரு."

சந்திரன் கழுத்தை வலது பக்கம் திருப்பினான். அங்கே கருப்பனின் வெறும் மடி இருந்தது, சீட்டு தொடைக்கடியில். அதைப் பார்த்தபடியே சொன்னான்: "ஒம்போது. நீலம். டைமண்டு."

மாணிக்கம்மாள் சீட்டைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினாள். டைமண்டு ஒன்பது.

இன்னொன்று உருவினாள். அவன் மரத்து வேரைப் பார்த்துக்கொண்டு, "ஆட்டின் ரெண்டு" என்றான். இன்னொன்று. "ஜோக்கர்."

யாரோ ஒரு பொம்பளை, "ஆத்தா..." என்று மூச்சை விட்டாள்.

"ஓரத்துலதான் தெரியுது" என்றான் சந்திரன், யாருக்கும் இல்லாமல், எல்லாருக்கும் சேர்த்து. "யாரைப் பாக்கணுமோ அவங்களை வுட்டு மூஞ்சியைத் திருப்பணும். அப்பத்தான் அவங்க வந்து நிக்கறாங்க."

ஈஸ்வரிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

சோற்றுத் தட்டுக்கு எதிரே திருப்பிய கழுத்து. கஞ்சி கொடுத்தபோது கதவைப் பார்த்த கண். பொங்கலுக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றாள், அவன் வெடுக்கென்று தொழுவத்துப் பக்கம் திரும்பினான். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அவன் அந்தப் புடவையைப் பார்க்கத்தான் திரும்பியிருக்கிறான். இரண்டு வருஷமாக, அவள் எந்தெந்த நேரத்திலெல்லாம் இவன் என்னை ஒதுக்குகிறான் என்று வெந்தாளோ, அந்தந்த நேரத்திலெல்லாம் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மூஞ்சியைக் கொடுத்தபோதுதான் பார்க்கவில்லை. காலையில் வெயில் ஏறும்போது மலையே இடம் மாறி நிற்பது போல, ஒரு நிமிஷத்தில் அந்த இரண்டு வருஷமும் வேறு பக்கம் திரும்பி நின்றது.

கருப்பன் தொடைக்கடியில் இருந்த சீட்டை வெளியே எடுத்தான்.

"எங்க பொண்ணு காதுகுத்துக்கு வந்தியே அண்ணா. நான் வா வான்னு கூப்புட்டேன், நீ மூஞ்சியைத் திருப்பிக்கினே. அதுக்குத்தான் நான் வூட்டுக்கு வர்றதை நிறுத்துனேன்."

"அன்னிக்கி நீ பச்சை சட்டை போட்டிருந்தே" என்றான் சந்திரன். "பட்டனை மாத்திப் போட்டிருந்தே."

கருப்பன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பிறகு மூக்கைச் சிந்தி, சட்டையில் துடைத்துக்கொண்டு, சீட்டை விசிறினான்.

"ஆடு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், வுட்டுத்தர மாட்டேன்."

"வுட்டுத்தந்தா எழுந்து போய்டுவேன்."

அதற்கப்புறம் ஆடினார்கள் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டத்தை அந்த மரம் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும். சந்திரன் எல்லாப் பக்கமும் திரும்பினான். கூச்சமே இல்லாமல் திரும்பினான். தம்பி பக்கம், மரத்துப் பக்கம், ஜீப்பு வருகிற வழியின் பக்கம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சீட்டு இடம் மாறியது. கருப்பன் கீழே போட்ட ஸ்பேடு பத்தை, மரத்தைப் பார்த்தபடியே கை நீட்டி எடுத்தான். கூட்டம் ஓ என்றது. "இன்னாயா இது, அந்தாளு மரத்தைப் பாத்துக்கினு சீட்டை எடுக்கறாரு" என்று ஒருத்தன் அதிசயப்பட்டான். "நீ சீட்டைப் பாத்துக்கினே தோக்கறியே, அதுக்கு இது மேலு" என்றாள் மாணிக்கம்மாள்.

ஒரு சீட்டுக்குக் காத்திருந்தான் சந்திரன். ஒரே ஒரு கிளாவர் நாலு. அது வரவில்லை. கருப்பன் நெஞ்சை நிமிர்த்தி, பதிமூன்றையும் விரிப்பில் இறக்கினான்.

சந்திரன் முகத்தைத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சரியாத்தான் சேத்துக்கிறே" என்றான்.

கருப்பன் எழுந்து, முதல் மரமாகப் பெரிய மரத்தையே கை காட்டினான். அதிலும் தாட்சண்யம் பார்க்கவில்லை. சந்திரனும் எழுந்து, கிணற்றோரத்து மரத்துக்குக் கை நீட்டினான். இரண்டாவது மரம். நல்ல மரம். மாற்றி மாற்றி, ஒன்பதும் பிரிந்தது. நாலு மரம் சந்திரன் வீட்டுக்கு. யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதில்லை, போய்ப் பறித்துக்கொள்ள வேண்டியது.

கருப்பன் மரமேறினான். உலுக்கல் ஆரம்பித்தது. புளி சடசடவென்று தார்ப்பாயில் விழுந்தது. பொம்பளைகள் கூடையோடு ஓடினார்கள். தமிழரசி சீட்டைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி கிணற்றோரத்து மரத்தடிக்குப் போனாள். அவன் அங்கே தனியாக நின்றான். இவள் வந்தது தெரிந்ததும் கழுத்தைத் திருப்பி, எதிர்மலையைப் பார்த்தான். இதற்கு முன்னால் என்றால் அவள் அப்படியே திரும்பிப் போயிருப்பாள்.

"நான் தலையாட்டுனது நெசம்தாங்க" என்றாள்.

"தெரியும்."

"இப்ப கருப்பன் சொன்னதை வெச்சா?"

"இல்ல. அன்னிக்கே தெரியும். செவுத்தைப் பாத்துத்தானே படுத்திருந்தேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சுவரைப் பார்த்தவன் கண்ணோரத்தில் வாசல் விழுந்திருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்த மனுசனுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அவன் திருப்பிய முகத்துக்கு அவள் பழிப்புக் காட்டியிருக்கிறாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்க்க மாட்டான் என்ற தைரியத்தில் அழுதிருக்கிறாள். தூங்குகிறான் என்று நினைத்து அவன் நெற்றியைத் தொட்டிருக்கிறாள். இன்னும் சொல்ல முடியாதது ஒன்றும் இருக்கிறது, போன மாசம் நடந்தது, மகளுக்குக்கூடத் தெரியாதது.

"வேற இன்னா பாத்தீங்க?" என்றாள்.

"நெறைய" என்றான். முகம் எதிர்மலையை விட்டு நகரவில்லை. "நல்லதும் பாத்தேன், கெட்டதும் பாத்தேன். எதை மொதல்ல சொல்லட்டும்?"

ஈஸ்வரிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையில் ஒட்டியிருந்த புளிய இலையைத் தட்டிவிட்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இவன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது எப்படி நின்றாளோ, அப்படி நின்றாள்.